பி.எட். விண்ணப்பம்: கல்லூரியைத் தேடுவதற்கு முன் பணியிடத்தைத் தேடுங்கள்

இளநிலைப் பட்டத் தேர்வின் கடைசிப் பருவ முடிவுகள் வெளியானதும், எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் கோப்பும் கையுமாக வேதியியல் ஆய்வகத்தின் வாசலில் வந்து நிற்பார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், எந்த பி.எட். காலேஜ் நல்லா இருக்கும்?" அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. ஏனெனில், நானும் அதே கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, கேட்க வேண்டிய மற்றொரு கேள்வியைக் கேட்காமல் விட்டவள்.

புகைப்பட அளவு, பெயரின் முதலெழுத்து மதிப்பெண் சான்றிதழுக்குச் சான்றிதழ் மாறியிருப்பது, காலாவதியான வருமானச் சான்று போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை விண்ணப்பப் பதிவு மையத்தில் இருப்பவர்களே திருத்திவிடுவார்கள். எந்த அலுவலகத்திலும் எளிதில் திருத்த முடியாத தவறுகள் சில உண்டு. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

எந்த வகுப்புக்கு ஆசிரியராகப் போகிறோம் என்று தெரியாமல் சேர்வது

"சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத்தான் எனக்குப் பிடிக்கும், அதனால் பி.எட். சேர்கிறேன்" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி சொன்னாள். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குரிய தகுதி தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. பி.எட். முடித்தவர்களும் அந்த வகுப்புகளுக்குத் தகுதியானவர்களே என்று, ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018இல் வெளியிட்ட அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் மாதத் தீர்ப்பில் ஏற்கவில்லை. ஆகவே தொடக்கப் பள்ளிதான் விருப்பம் என்றால் பி.எட். அதற்கான வழி அல்ல. தமிழ்நாட்டில் பி.எட். இட்டுச் செல்வது ஆறு முதல் பத்து வகுப்புகளுக்கான பட்டதாரி ஆசிரியர் பணிக்கும், முதுநிலைப் பட்டமும் சேர்ந்திருந்தால் மேல்நிலை வகுப்புகளுக்கான முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும்தான்.

பி.எட். சான்றிதழ் கைக்கு வந்தாலே வேலை உறுதி என்று நினைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். அதன் பிறகு, 2018ஆம் ஆண்டின் 149ஆம் எண் அரசாணைப்படி, நியமனத்துக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பின்னால் இத்தனை படிகள் இருப்பதை வீட்டிலுள்ளவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், படித்து முடித்த மறுமாதமே "வேலை என்னவாயிற்று" என்ற விசாரணை தொடங்கிவிடும்.

பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் கட்டணம் கட்டுவது

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு ஆற்றாமை தீராத விஷயம் இது.

ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளின் கால அட்டவணையை நினைத்துப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். இவற்றுக்கான பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்ற ஒன்பது பாடங்களின் பெயரில் அறிவிக்கப்படுகின்றன. நீங்கள் பெற்ற இளநிலைப் பட்டம் இந்த ஒன்பதில் ஒன்றின் பெயரைத் தாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், அவற்றில் ஒன்றுக்கு அது இணையானது என்று அரசு ஓர் அரசாணையில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கல்லூரிகளோ கடந்த முப்பது ஆண்டுகளில் சேர்க்கையைப் பெருக்குவதற்காகப் பட்டங்களுக்கு விதவிதமான பெயர்களைச் சூட்டிவிட்டன. பயன்பாட்டு இயற்பியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பவியல், கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம் என்று நீளும் அந்தப் பட்டியல், சேரும் நாளில் கவர்ச்சியாகத்தான் இருக்கும்.

நான் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பயன்பாட்டு வேதியியல் படித்தேன். கரிம வேதியியல், கனிம வேதியியல், இயற்பு வேதியியல் எல்லாம் அதிலும் உண்டு. கூடுதலாகச் சாயத் தொழில், நீர்ச் சுத்திகரிப்பு போன்ற சில தாள்கள் இருந்தன. "வேதியியலுக்கு மேலே ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று துறைத் தலைவர் சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது. பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலம் அது. இயற்பியல் அறிவியல் பிரிவில் எந்தத் தடையும் இன்றி இடம் கிடைத்தது. விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர்கள் கேட்கவில்லை, பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. தகுதித் தேர்விலும் நல்ல மதிப்பெண். கடைசியில், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் என் பட்டச் சான்றிதழைப் புரட்டிய அலுவலர், "இணைத்தன்மை அரசாணை எங்கேம்மா?" என்று கேட்டார். அப்படியொரு சொல்லை நான் கேள்விப்பட்டதே அன்றுதான்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் கல்லூரியில் படித்த அத்தனை பருவங்களின் பாடத்திட்டத்தையும் கையொப்பம், முத்திரையோடு வாங்கி, அதைப் பொது வேதியியல் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பழைய பாடத்திட்ட நூல் கல்லூரி அலுவலகத்தில் இல்லை. எனக்கு முந்தைய ஆண்டு படித்த ஒரு அக்கா பரணில் போட்டு வைத்திருந்த பிரதியைத் தேடி வாங்கினேன். இணைத்தன்மைக் குழு கூடி, அதன் பரிந்துரை உயர்கல்வித் துறைக்குச் சென்று, அரசாணையாக வெளிவரப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த ஆண்டின் தேர்வுப் பட்டியல் முடிந்து, எல்லோரும் பணியில் சேர்ந்துவிட்டார்கள். அடுத்த நியமனத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. என்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற வகுப்புத் தோழி இன்று பணிமூப்பில் எனக்கு மேலே இருக்கிறாள். அவள்மீது எனக்கு வருத்தம் எதுவுமில்லை, அந்தத் துறைத் தலைவர் சொன்ன "மேலே ஒரு படி"யின் மீதுதான் வருத்தம்.

இதில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் குழப்பிக்கொள்ளும் இடங்கள் மூன்று. பி.எட். சேர்க்கைக்கு உங்கள் பட்டத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது என்பதற்காக, அரசுப் பள்ளி ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் ஆசிரியர் தேர்வு வாரியமும் அதை ஏற்றுக்கொள்ளும் என்று பொருளாகாது. மேற்படிப்புக்கான தகுதி வேறு, அரசுப் பணிக்கான இணைத்தன்மை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கேட்க முடியாது. அடுத்து, இணைத்தன்மை அரசாணை பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து வழங்கப்படுவதில்லை. இன்ன பல்கலைக்கழகம் வழங்கும் இன்ன பட்டம் என்று குறிப்பிட்டே வழங்கப்படுகிறது. பக்கத்து மாவட்டப் பல்கலைக்கழகத்தின் அதே பெயருள்ள பட்டத்துக்கு ஆணை இருப்பதைக் காட்டி உங்கள் பட்டத்தை நியாயப்படுத்த இயலாது. கடைசியாக, ஆணை என்றைக்கு வந்தது என்பதும் முக்கியம். பணி அறிவிக்கை வெளியான தேதிக்கு முன்பே அது வந்திருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம் என்பதால், தேர்வில் வென்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது என் கதையை மறுபடி நடத்திக் காட்டுவதாகவே முடியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உயிரித் தொழில்நுட்பவியல் படித்த என் மாணவி ஒருத்தி, முதலாண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டு இனிப்போடு வந்தாள். "உங்கள் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஆணை இருக்கிறதா என்று கேட்டாயா?" என்றேன். "அதுவும் உயிரியல்தானே, சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்னு சொன்னாங்க டீச்சர்" என்றாள். அப்படிச் சொன்னவருக்கு நிரம்ப வேண்டியது ஓர் இடம். இவளுக்குப் போகக்கூடியவை இரண்டு ஆண்டுகளும் அப்பா வாங்கிய கடனும். அந்த இனிப்பை என்னால் மகிழ்ச்சியோடு சாப்பிட முடியவில்லை. விண்ணப்பிப்பதற்கு முன்பே உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணைகளில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடுங்கள். ஆணை கிடைத்தால் அச்செடுத்துக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். கிடைக்காவிட்டால், பி.எட். விண்ணப்பத்தை ஓராண்டு நிறுத்திவைத்து, இணைத்தன்மைக்கு விண்ணப்பிப்பதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

வணிகவியல், பொருளாதாரம், கணினி அறிவியல் படித்தவர்கள்

மேலே சொன்ன ஒன்பது பாடங்களில் வணிகவியலும் பொருளாதாரமும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இவை மேல்நிலை வகுப்புகளில் மட்டும் தனிப் பாடங்களாக இருப்பதால், இளநிலைப் பட்டத்தோடு மட்டும் பி.எட். சேரத் தமிழ்நாட்டு விதிமுறைகள் இடம் தருவதில்லை; முதுநிலைப் பட்டம் வேண்டும். அந்த முதுநிலைப் பட்டத்தையும் இளநிலையில் படித்த அதே பாடத்தில் பெறுவதே பாதுகாப்பானது. வேறு பாடத்தில் முதுநிலை முடித்துவிட்டுப் பிறகு தவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணினி அறிவியலில் நிலைமை இன்னும் வேதனையானது. அந்தப் பட்டத்தோடு பி.எட். முடித்தவர்கள் கீழ் வகுப்புகளில் கணினி அறிவியலைத் தனிப் பாடமாக்கிப் பணியிடம் உருவாக்குமாறு பல ஆண்டுகளாகக் கோரிக்கை வைத்து வருகிறார்கள். கோரிக்கை நியாயமானது, ஆனால், நிறைவேறாத ஒரு கோரிக்கையை நம்பிக் கட்டணம் கட்டக் கூடாது.

பயிற்றுமொழியை யோசிக்காமல் தேர்ந்தெடுப்பது

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிக் கல்வியில் தொடங்கி, பணிக்கு விதிக்கப்பட்ட தகுதி வரை அனைத்தையும் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அந்த முன்னுரிமை கிடைக்கும். ஆசிரியர் பணிக்கு விதிக்கப்பட்ட தகுதிகளில் பி.எட்.டும் ஒன்று. பட்டப்படிப்பு வரை தமிழ் வழியில் வந்த பிள்ளைகள், "ஆங்கில வழி என்றால் மதிப்பு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பி.எட்.டில் மட்டும் ஆங்கில வழியைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த உரிமையை விண்ணப்பத்தின் ஒரு கட்டத்துக்குள் இடும் ஒரு குறியால் இழந்துவிடுகிறார்கள்.

"வகுப்புக்கு வராமலே பி.எட்."

தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, தொலைவிலுள்ள ஏதோ ஒரு கல்லூரியில் பெயரை மட்டும் பதிந்துவைக்கும் ஏற்பாடு ஊருக்கு ஊர் நடக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், பாடங்களிலும் செய்முறைகளிலும் 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சியில் 90 விழுக்காடு வருகை என்று தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு ஆண்டுகளில் இருபது வாரங்கள் பள்ளிகளில் கழிய வேண்டும். அறம் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். பின்னாளில் அதே தனியார் பள்ளியின் பணி அனுபவச் சான்றிதழையும் இந்த பி.எட். சான்றிதழையும் ஒரே கோப்பில் வைப்பீர்கள். இரண்டிலும் ஒரே தேதிகள் இருக்கும். ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இருந்தது எப்படி என்று சரிபார்ப்பு அலுவலர் கேட்டால், உண்மையான சான்றிதழுக்கும் சேர்த்து ஆபத்து வந்துவிடும்.

தொலைநிலைக் கல்வியில் பி.எட்.

நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளியில் பணியில் இருப்பவர்களுக்கும் மட்டும் உரியது. உங்களுக்கு அல்ல.

மதிப்பெண்ணை முழுமையாக்குவது

பட்டத்தில் 50 விழுக்காடு வேண்டும் என்றால், 49.6 என்பது 50 ஆகாது.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்காமல் பெற்ற பட்டம்

பத்து, பன்னிரண்டு, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டத்தை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். சேர்க்கையில் தப்பினாலும் நியமனத்தில் தப்பாது.

கல்லூரியின் அங்கீகாரத்தை விளம்பரப் பலகையில் படிப்பது

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அந்தக் கல்லூரிக்கு வழங்கிய அங்கீகார ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டிலிருந்து, எத்தனை அலகுகளுக்கு என்று அதில் இருக்கும். ஓர் அலகு என்பது 50 மாணவர்கள். ஓர் அலகுக்கு மட்டும் அனுமதி பெற்ற கல்லூரியில் உங்கள் வரிசை எண் 63 என்றால், எஞ்சியதை நீங்களே விசாரித்துக்கொள்ளலாம். நகலைக் காட்டத் தயங்கும் அலுவலகத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

அசல் சான்றிதழ்கள்

ஒப்படைக்கும் நாளில், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள். எந்தெந்தச் சான்றிதழ் என்று அதில் பெயர் பெயராக எழுதியிருக்க வேண்டும். "சான்றிதழ்கள் – 7" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்.