18 தாள், ஒரே வானம்: பிள்ளைகளின் ஓவிய வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை திருநகரில் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பித்த புதிதில் டச்சு ஓவியர் வான்கோவின் ‘நட்சத்திர இரவு’ படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, "இதே மாதிரி போடுங்க" என்றேன். 12 மணிக்கு 18 தாளையும் கொடியில் காயப்போட்டால், எல்லாவற்றிலும் அதே சுழி, அதே மஞ்சள் நிலா, இடது பக்கம் அதே கறுப்பு மரம். பின்னால் எழுதியிருந்த பேரைப் பார்த்துத்தான் யாருடையது என்று சொல்ல முடிந்தது. அம்மாக்களுக்கு ஏக சந்தோஷம், அத்தனையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போய்விட்டது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மட்டும் கேட்டான்: "சார், அந்தக் கறுப்பா இருக்கே, அது என்ன புகையா?"

சைப்ரஸ் மரம் அது. பாவம், அவன் எங்கே பார்த்தான்? பார்க்காத மரத்தை, பார்க்காத ஊரை, யாரோ தேர்ந்தெடுத்த நிறத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போட்டிருக்கிறான்.

முடிந்த படத்தை முதலிலேயே காட்டுவதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அந்த ஓவியர் வேலை பார்த்த விதம். 1889 ஜூனில், பிரான்சின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது வான்கோ அந்தப் படத்தை வரைந்தார். விடியலுக்கு முந்தைய வானத்தை அறை ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்துக்கொண்டார். கீழே இருந்த இன்னொரு அறையில், ஞாபகத்திலிருந்து வரைந்தார். படத்தில் இருக்கிற ஊர் அந்த ஜன்னலில் தெரியவே தெரியாது, அவராகச் சேர்த்துக்கொண்டதுதான்.

இதை அப்படியே வீட்டுப்பாடமாக்கலாம். சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு மொட்டைமாடி ஏறி 5 நிமிஷம் வானத்தைப் பார்க்கணும், பென்சில் கூடாது, போன் கூடாது. மறுநாள் வந்து வரையணும். அடுத்த வருஷம் அப்படிச் செய்தேன். சின்டெக்ஸ் தொட்டி வந்தது, செல்போன் டவரின் சிவப்பு விளக்கு வந்தது, திருப்பரங்குன்றம் மலை மொத்தையாகக் கருநீலத்தில் வந்தது. ஒரு பெண் வானம் முழுக்க ஆரஞ்சும் சாம்பலுமாகப் பூசி, "எங்க தெருவுல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்று சாதித்தாள். எல்லாரும் முடித்த பிறகுதான் வான்கோ படத்தை எடுத்துக் காட்டினேன். புகையா என்று கேட்டவன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இவரு பூசவே இல்ல சார், கோடு கோடாத்தான் போட்டிருக்காரு" என்றான். நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அது ஏறியிருக்காது.

அதற்காகப் பார்த்து வரைவதே பாவம் என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அதே காப்பகத்தில் இருந்துகொண்டு வான்கோ, மில்லே என்ற மூத்த ஓவியரின் படங்களைப் பார்த்து இருபது வரை வரைந்திருக்கிறார். ஆனால் அவர் எதிரே வைத்துக்கொண்டது கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதி. நிறமெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. கலர் பிரிண்ட் கொடுத்தால் விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. நாயக்கர் மஹால் தூண், புதுமண்டபத்து யாளி, எதுவானாலும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகக் கொடுத்துப் பாருங்கள். ஊதா யாளிகூட வரும், வரட்டும்.

வான்கோ தன் காதைத் தானே அறுத்துக்கொண்ட கதையை மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

அடுத்தது புள்ளிப் படம். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884-லிருந்து 1886 வரை, ஏறத்தாழ 2 மீட்டருக்கு 3 மீட்டர் துணியில், ஆற்றோரத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து முடித்தார். ஆறு வயதுப் பிள்ளையிடம் காது குடைகிற பட்ஸைக் கொடுத்து முழுத் தாளை ஒரு மணி நேரத்தில் நிரப்பச் சொல்கிறோம். பத்து நிமிஷத்தில் புள்ளி இழுபட்டு மழையாகிவிடும். போஸ்ட் கார்டு அளவு போதும். சிவப்பும் மஞ்சளும் மட்டும் கொடுத்து, நெருக்கி வைக்கச் சொல்லுங்கள். மாடியின் அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தால் ஆரஞ்சாகத் தெரியும். பாடம் அதுதான்.

இதில் நான் இன்னொரு தப்பும் பண்ணினேன். நம்ம ஊர் உதாரணம் வேண்டுமே என்று ஒரு சுங்குடிச் சேலையை விரித்துப் போட்டு, "சூரா பண்ணினதும் இதும் ஒண்ணுதான்" என்றேன். பேத்தியைக் கூட்டிப்போக வந்திருந்த சௌராஷ்டிரப் பாட்டி ஒருவர் சேலை நுனியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "தம்பி, இது வச்ச புள்ளி இல்ல. நூலால இறுக்கிக் கட்டின முடிச்சு. சாயம் ஏறாம நின்ன இடம்." புள்ளிக்கு நடுவே துணி லேசாகக் குழிந்து முடிச்சின் தடம் இருந்தது. ஒன்று நிறத்தை வைப்பது, மற்றது நிறத்தைத் தடுப்பது. பார்வைக்கு ஒத்துப்போவதால் இரண்டையும் முடிச்சுப்போட்டால், பிள்ளைக்கு இரண்டுமே விளங்காது. இப்போது சுங்குடிக்குத் தனி வகுப்பு: வெள்ளை மெழுகுவத்தியால் தாளில் அழுத்திப் புள்ளி வைத்து, மேலே தண்ணீர்க் கலர் ஓட்டுகிறோம். புள்ளி வெள்ளையாக எழுந்து வரும்போது பிள்ளைகள் போடுகிற சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பெயரில் நடக்கும் கத்தரி வேலையிலும் இதே கோளாறுதான். 1941-ல் நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவர் அவர். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாளைக் கோடு போடாமல் நேரே கத்தரித்தார். நாம் பென்சிலில் பூ வரைந்து கொடுத்து, கோட்டு மேலேயே வெட்டு என்கிறோம்.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் எடுக்கிற 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஏ4 தாளில் போஸ்டர் கலர் அடித்தால் அப்பளமாகப் பொரியும். தனக்குக் கை வரவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் வாங்கி நாலாக வெட்டிக் கொடுங்கள், செலவும் கட்டுப்படியாகும்.

கடைசியாக நம் கை. அம்மாக்கள் வரும் நேரம் நெருங்கினால், கோணலாக இருக்கிற கோபுரத்தை "இங்க கொடு" என்று வாங்கி நிமிர்த்தத் தோன்றும். எனக்கு இன்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது வேறு தாளில் போட்டுக் காட்டிவிட்டு, பிள்ளை தாளைத் தொடாமல் நகர்ந்துவிடுகிறேன். இதற்கென்றே மேசையில் துண்டுத் தாள் கட்டு ஒன்று வைத்திருக்கிறேன். மாதம் ஒரு கட்டு தீர்ந்துபோகிறது.