ஸ்டீம் கிளீனர்: உப்புத் தண்ணீர் ஊரில் செய்யக்கூடாத தவறுகள்

சென்னை வீடுகளில், சூடான ஆவியால் அழுக்கை நீக்கும் ஸ்டீம் கிளீனர் மக்கர் செய்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதில் ஊற்றிய தண்ணீரைத்தான். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லருக்குள்ளும் படிகிறது. ஆவி மட்டும் வெளியே போகும், உப்பு உள்ளேயே தங்கும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை, அதாவது இந்தச் சுண்ணாம்பு உப்பின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். அந்த 600 அளவுள்ள தண்ணீரை ஒரு லிட்டர் வீதம் பத்து முறை ஊற்றினால் 6 கிராம் வரை சுண்ணாம்பு சேரும். அது ஹீட்டரைப் போர்வைபோல் மூடிக்கொள்ளும். சூடேற நேரம் பிடிக்கும், ஆவிக்குப் பதில் தண்ணீர் துப்பும், கடைசியில் ஆவி வெளிவரும் முனையான நாசில் அடைபடும்.

ஒரே வீட்டில்கூட தண்ணீர் ஒரே மாதிரி இருப்பதில்லை. மெட்ரோ வாட்டர் வரும் மாதங்களில் நன்றாக ஓடிய மெஷின், மே மாதம் போருக்கும் லாரித் தண்ணீருக்கும் மாறியதும் திணறும். அதனால் சுண்ணாம்பு நீக்குவதை நாள் கணக்கு வைத்துச் செய்யாமல், தண்ணீர் மாறுவதைப் பார்த்துச் செய்யுங்கள்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலான மாடல்களுக்குப் போதும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். பேட்டரி ஆசிட்டும் அதே போன்ற கேனில்தான் இருக்கும். தண்ணீர் மட்டத்தை மின்கடத்தலால் உணரும் மாடலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால், தொட்டி காலி என்றே காட்டும். அதில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலக்க வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். அதில் உப்பு குறைவுதான், ஆனால் காயிலின் தூசியும் பாசியும் கூடவே வரும்.

சுண்ணாம்பு நீக்கும்போதுதான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. பாத்ரூம் ஆசிட் கூடவே கூடாது, பாய்லர் உலோகத்தை அரித்துவிடும். எலுமிச்சைச் சாறும் புளியும் கசடு விடும். கம்பெனி தரும் டீஸ்கேலர் (சுண்ணாம்பு நீக்கும் மருந்து) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், மேனுவல் தடுக்காத பட்சத்தில், மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் ஆசிட்டை அரை லிட்டர் சாதாரணத் தண்ணீருக்கு 10 கிராம் கலந்தால் போதும். பிளக்கைப் பிடுங்கி, மெஷின் முழுக்க ஆறி, பழைய தண்ணீரைக் கொட்டிய பிறகு இதை ஊற்றுங்கள். அலுமினிய பாய்லர் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. மூடியை இறுக்காதீர்கள், சுண்ணாம்பு கரையும்போது வாயு கிளம்பும். அந்தக் கலவை உள்ளே இருக்கும்போது ஸ்விட்சும் போடக் கூடாது. பிறகு வெறும் தண்ணீரால் மூன்று முறை அலசிக் கவிழ்க்க வேண்டும். வெள்ளைத் துகள் இன்னும் வந்தால் மறுபடி அலசுங்கள்.

ஃபினாயில், டெட்டால், வாசனை எண்ணெய் எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். நுரை நாசிலை அடைக்கும், மருந்து ஆவியாகி மூச்சில் ஏறும்.

பாய்லர் மாடல்களில் உள்ளே 3 பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் ஏறக்குறைய 143 டிகிரியில் நிற்கும். தண்ணீர் தீர்ந்ததும் அவசரமாக மூடியைத் திறந்தால் கையும் முகமும் வெந்துவிடும். ஸ்விட்சை அணைத்து, டிரிகரை அழுத்தி ஆவி முழுக்க வெளியேறிய பின், மேனுவல் சொல்லும் நேரம் ஆறவிட்டுத் திறக்கவும். சூடான காலி பாய்லரில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினாலும் அது சீறித் தெறிக்கும்.

மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்தால் ஓரத்தில் ஆவி கசியும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் ரப்பர் கெடும். சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். வெடித்த வாஷரை மாற்றுவதே சரி.

2000 வாட்ஸ் மெஷின் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட்டிலும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் மாட்டினால் பிளக் சூடாகி உருகும். கிச்சன் மேடையில் மிக்ஸிக்கு இருக்கும் பாயின்ட்டைத் தவிர்த்து, எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டைப் பயன்படுத்துங்கள்.

வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்தே ஒரு நாள் காயவிட்டு எடுத்து வையுங்கள். துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசக் கூடாது. இழைகளில் படலம் ஒட்டி, அடுத்த முறை டைல்ஸில் கோடுகோடாக விழும்.