தீபாவளிக்கு ஸ்வெட்டர் எடுங்கள்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் இருப்பவர்கள் தீபாவளித் துணிக்கு ஒதுக்கும் பணத்தில் நல்ல ஸ்வெட்டர் ஒன்று மட்டும் எடுங்கள். மஞ்சள் வைத்து அதையே அன்று போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக் குளிரில் பட்டுச் சட்டையே ஆனாலும் ஸ்வெட்டருக்குள்தான் ஒளிந்திருக்கும்; ஊர் பார்ப்பது மேலே இருப்பதைத்தான். அப்புறம் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு எப்படியும் ஒன்று வாங்கத்தானே போகிறோம்? இரண்டு செலவு ஒன்றாகிவிடும். துவைத்தால் கொடியில் தொங்கவிடாதீர்கள், நீண்டுவிடும். நிழலில் விரித்துக் காயவையுங்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு இது சரிவராது, அடுத்த வருஷமே கை குட்டையாகிவிடும். அவர்களுக்கு அண்ணன், அக்கா போட்டுக் கழித்ததே போதும் (முகம் தூக்குவார்கள், தூக்கட்டும்). பண்டிகைக்கு மேட்டுப்பாளையம், கோவை என்று கீழே இறங்குபவர்கள் வழக்கம்போலப் பருத்தியே எடுக்கலாம்.