மூன்று கேபிளில் ஒன்றுதான் தேறியது

ரங்கூனில் கரண்ட் போவதற்குள், அம்மாவின் ஆண்ட்ராய்டு போனிலிருந்த கோயில் திருவிழாப் படங்களைக் கணினியில் ஏற்றிவிட நினைத்தேன். USB கேபிளால் இணைத்ததும் சார்ஜ் ஏறியது, கணினிக்குப் போன் தெரியவே இல்லை. போனைக் கணினிக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருளை மாற்றியே ஒரு மணி நேரம் போனது. அப்புறம் கேபிளின், கணினியில் செருகும் அகன்ற முனைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு பொன்னிறப் பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஓரத்து இரண்டு மட்டும். அவை மின்சாரத்துக்கு, நடுவில் இருக்க வேண்டிய இரண்டும்தான் தகவலைக் கடத்துபவை.

அடுத்த கேபிளில் நான்கும் இருந்தன, அப்படியும் படம் வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பும் கறுப்பும்தான்; பச்சை, வெள்ளை ஒயர்கள் இல்லை. ஆகவே பட்டையை மட்டும் நம்ப வேண்டாம். செருகியதும் போனில் கோப்புப் பரிமாற்றம் என்ற தெரிவு வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவதில் வந்தது. அதன் முனையில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டேன்.