சம்பளத்தைச் சேவை நிறுவனம் பிடித்துக் கொடுக்கட்டும் என்று விடுமுன்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் சிறு தேயிலைத் தொழிற்சாலையோ தங்கும் விடுதியோ நடத்துகிறவர், தொழிலாளருக்குச் சம்பளம் பட்டுவாடா செய்துதரும் ஊதியச் சேவை நிறுவனத்துக்கு 'நாச்' மேண்டேட் (தம் வங்கிக் கணக்கிலிருந்து மின்னணு முறையில் பணம் பிடித்துக்கொள்ளத் தரும் ஒப்புதல்) எழுதிக் கொடுத்ததும் சம்பளப் பட்டுவாடா தம் கையை விட்டுப் போய்விட்டதாக எண்ணினால், அதுவே முதல் தவறு. கணக்கில் பணமில்லாவிட்டாலும், தொழிலாளிக்குச் சம்பளம் பிந்தினாலும், சட்டம் கேட்பது முதலாளியைத்தான்.

பணம் பிடிக்கும் நாளையே சம்பள நாளாகக் கொள்வது அடுத்த தவறு. சேவை நிறுவனம் முதலில் உங்கள் கணக்கிலிருந்து மொத்தத் தொகையை எடுத்து, அது திரும்பாது என்று உறுதியான பிறகே தனித்தனிக் கணக்குகளில் வரவு வைக்கும். இதற்கு ஓரிரு நாள்களாவது பிடிக்கும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், 7ஆம் தேதியன்றே பிடிக்கச் சொல்லியிருந்தால் தாமதத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

தேயிலைக்காரருக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. குன்னூர் ஏலத்தில் விற்ற தூளுக்கான பணம் பிராம்ப்ட் நாளில்தான், அதாவது வாங்கியவர் பணம் கட்ட வேண்டிய கெடு நாளில்தான் வரும், விலை போகாத சரக்கோ அடுத்த ஏலத்துக்குத் தள்ளிப்போகும். ஆகவே மாதக் கடைசியில் மொத்தமாகத் திரட்டப் பார்க்காமல், ஒவ்வொரு ஏலப் பணம் வந்தவுடனும் ஒரு பங்கைச் சம்பளத்துக்கென்றே வைத்த தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பிடிக்கமாட்டார்கள், திங்கள் காலையில் கட்டிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கும் இனி உதவாது. 2021 ஆகஸ்ட் 1 முதல் 'நாச்' விடுமுறை நாள்களிலும் இயங்குகிறது. காசோலை திரும்பினால்தான் வழக்கு என்று நினைப்பவர்கள், பணமின்றித் திரும்பும் மின்னணுப் பற்றுக்கும் 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையோ, தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிப்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மேண்டேட்டில் எழுதும் உச்சவரம்பையும் பலர் வழக்கமான மாதத்தை வைத்தே போட்டுவிடுகிறார்கள். கொழுந்து மிகுந்து, கூடுதலாகப் பறித்த கிலோவுக்கான பணம் ஏறும் மாதத்திலும், தீபாவளி போனஸ் மாதத்திலும் தொகை அவ்வரம்பைத் தாண்டிவிட்டால், கணக்கில் பணமிருந்தும் எடுக்க முடியாமல் போகும்.

தொழிலாளர் கணக்கு விவரத்தைப் பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதக் கூடாது. 2020 ஏப்ரல் 1 அன்று பல பொதுத்துறை வங்கிகள் இணைந்ததையடுத்து, இணைந்த வங்கிகளின் பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் (வங்கிக் கிளையைக் குறிக்கும் குறியீடுகள்) செல்லாமல் போயின. மின்னணு வரவு கணக்கு எண்ணை நம்பியே நடப்பதால், ஓர் இலக்கம் பிசகினாலும் பணம் வேறொருவருக்குப் போய்ச் சேரலாம். முதல் மாதத்துக்கு முன் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று தொழிலாளியிடமே கேட்டுவிடலாம். எல்லாருடைய சம்பளத்தையும் மேஸ்திரியின் கணக்குக்கு அனுப்பும் வழக்கத்தை அறவே விட வேண்டும்.

வருங்கால வைப்பு நிதியையும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) தொகையையும் 15ஆம் தேதிக்குள் கட்டுவது சேவை நிறுவனமா நீங்களா என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். நிறுவனத்தை மாற்றும்போது பழைய மேண்டேட்டை வங்கியில் எழுத்து மூலம் ரத்து செய்து, அதற்கான ஒப்புகையைப் பெற்ற பிறகே புதியதில் கையெழுத்திடுங்கள். இல்லையேல் ஒரே மாதத்தில் இரு பக்கமும் பணம் பிடிக்க நேரிடலாம்.