கிளவுடுக்கு மாறிய பிறகு செய்யக் கூடாத தவறுகள்

2015 டிசம்பர் வெள்ளம், அடுத்த வருடமே வர்தா, 2023-இல் மிக்ஜாம். ஒவ்வொரு முறையும் மின்சாரமும் இணையமும் போய்த் தவித்த ஊர் சென்னை. அதனால் அலுவலக மூலையில் கிடந்த சர்வரை கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு, மாற்ற கிண்டியிலும் ஓஎம்ஆரிலும் இப்போது யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை. நல்ல முடிவுதான். ஆனால் மாற்றி முடித்ததும், ‘இனி எல்லாவற்றையும் கிளவுட் நிறுவனத்தார் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. நான் பார்த்தவரை முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கட்டடம், மின்சாரம், வன்பொருள் அவர்கள் பொறுப்பு. எத்தனை சர்வர், எந்த ஊரில், பேக்கப் எங்கே, செலவு எவ்வளவு என்பதெல்லாம் நம் பொறுப்பு.

பேக்கப்பிலிருந்து தொடங்குகிறேன். மற்ற தவறுகளுக்குப் பணம் போகும், இதற்குத் தொழிலே போகும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டுமே போயிற்று. ஆக, ஒரு பிரதியாவது வேறு ரீஜியனில் (தரவு மையங்கள் இருக்கும் வேறு வட்டாரத்தில்), முடிந்தால் வேறு அக்கவுண்டில் இருக்க வேண்டும்.

பேக்கப் இருந்தால் மட்டும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், அவசர வேலைக்கு நடுவே, தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். சரி, பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால் அது காலி. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு 9.2, டேட்டாபேஸின் பதிப்பு 9.6, இரண்டும் ஒத்துப்போகாமல் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்கின் நகல்) கடைசியில் காப்பாற்றியது.

மாதம் ஒருமுறை, வேலை குறைவான ஒரு காலையில், நேற்றைய பேக்கப்பை எடுத்துப் புது டேட்டாபேஸ் ஒன்றில் ஏற்றிப் பாருங்கள். கடைசி ஆர்டர் எது, எத்தனை வரிகள் வந்திருக்கின்றன என்று சரிபாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்றும் குறித்து வையுங்கள். நான்கு மணி நேரம் ஆகிறதென்றால், வாடிக்கையாளரிடம் ‘ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்’ என்று வாக்குக் கொடுக்க முடியாது.

அடுத்தது, இடம். விலை கொஞ்சம் குறைவு என்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சர்வர் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து அங்கே போய்வர 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். 2025 அக்டோபர் 20 அன்று அந்த ரீஜியனில் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் முடங்கியபோது உலகம் முழுக்கப் பல செயலிகள் நின்றுபோயின. ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையில் 2016-இலிருந்தும் ஹைதராபாத்தில் 2022-இலிருந்தும் ரீஜியன் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரின் ‘சவுத் இந்தியா’ ரீஜியன் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லா ரீஜியனிலும் எல்லாச் சேவையும் கிடைக்காது. அவைலபிலிட்டி சோன் (ஒரே ரீஜியனுக்குள் தனித்தனியாக இயங்கும் தரவு மையத் தொகுதி) வசதியும் எல்லா இடத்திலும் இருக்காது. பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு ஒரே ரீஜியனில் இரண்டு சோன், பக்கத்து ரீஜியனில் பேக்கப், அவ்வளவே போதும் என்பது என் கருத்து. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு நிறுவனங்களின் கிளவுடை ஒரே நேரத்தில் ஓட்டுவது வீண் சுமை. பாகங்கள் கூடக் கூட நம்பகத்தன்மை குறையும். ஒரு சேவை 99.9% நேரம் இயங்கும் என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். அப்படிப்பட்ட ஐந்து சேவைகளை ஒன்றையொன்று நம்பி வரிசையாகக் கோர்த்தால் நிற்கக்கூடிய நேரம் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

தீபாவளி விற்பனைக்காக, கூட்டத்துக்கு ஏற்ப சர்வர் எண்ணிக்கை தானாகக் கூடும் ஆட்டோ ஸ்கேலிங் போடுவார்கள். இரண்டு சர்வர் பத்தாகும். ஆனால் பத்தும் போய் நிற்பது அதே ஒரு டேட்டாபேஸ் முன்னால். ஒரே நேரத்தில் அது ஏற்கும் கனெக்‌ஷன்களின் வரம்பு தீர்ந்ததும் தளம் படுத்துவிடும், பில் மட்டும் பத்து சர்வருக்கு வரும். விற்பனைக்கு முன்பே லோட் டெஸ்ட் செய்து (செயற்கையாகக் கூட்டத்தை அனுப்பிச் சோதித்து) எந்த இடம் முதலில் திணறுகிறது என்று பாருங்கள். ஸ்கேலிங்குக்கு மேல் வரம்பும் வையுங்கள்.

இனி பில். மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். நிறுத்தி வைத்த சர்வரின் டிஸ்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்டிஎஸ் என்ற அதன் டேட்டாபேஸ் சேவையில் நிறுத்திய டேட்டாபேஸ் ஏழு நாளில் தானாகவே எழுந்துவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் மூன்றரை டாலருக்கு மேல். உள்ளே இருக்கும் சர்வர்கள் இணையத்துக்கு வெளியேறும் வழியான நேட் கேட்வே மணிக்கணக்கிலும் ஜிபி கணக்கிலும் காசு வாங்கும். எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவைக்குத் தினமும் போகும் பேக்கப் அந்த வழியாகப் போனால், கேட்வே எண்ட்பாயின்ட் என்று எஸ்3-க்கு இலவசமாக ஒரு நேர்வழி இருக்கும்போதே நாம் பணம் கட்டிக்கொண்டிருப்போம். இவை போக 18% ஜிஎஸ்டி.

ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச், லாகுகளை (சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளை) நாம் காலக்கெடு வைக்காதவரை காலத்துக்கும் சேமித்துக்கொண்டிருக்கும். அதற்காக ஏழு நாளில் அழிக்கவும் கூடாது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். புதியவற்றை உடனே தேடும்படி வைத்துவிட்டு, பழையதை மலிவான சேமிப்புக்கு மாற்றுங்கள்.

டெஸ்ட் சர்வர்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ஓட வேண்டியதில்லை. தினம் 12 மணி நேரம், ஐந்து நாள் என்றால் 60 மணி நேரம்தான். இதை முதலில் செய்யுங்கள். சர்வர் அளவையும் சரிசெய்யுங்கள். அப்புறம்தான் ஒரு வருட, மூன்று வருட ஒப்பந்தத் தள்ளுபடிக்குப் போக வேண்டும். வரிசை மாறினால், தேவைக்கு மேல் பெரிதான சர்வருக்கு மூன்று வருடம் கட்டுப்பட்டுவிடுவோம்.

செலவு எச்சரிக்கையை வைத்துவிட்டால் செலவு தானாக நின்றுவிடாது. அது தகவல் மட்டுமே தரும். அந்தத் தகவல் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று இன்றே பாருங்கள். அக்கவுண்டைத் திறந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தால் ரூட் லாகினும் (முழு அதிகாரமும் உள்ள முதன்மை லாகின்) அவர் பெயரிலேயே இருக்கக்கூடும். அதை நிறுவனத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, எச்சரிக்கை குறைந்தது இரண்டு பேருக்காவது போகும்படி வையுங்கள்.