மழைக்காலத்தில் பகலில் பாகு வைக்காதீர்கள்: தேன்பெட்டிக்காரர்கள் செய்யும் தவறுகள்

மார்த்தாண்டம் பக்கம் இந்த வருடமும் புதிதாகத் தேன்பெட்டி வாங்கியவர்கள் நிறைய. பெட்டிக் காலுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர் வை, சென்ட் அடித்துக்கொண்டு திறக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன். தேனீக்கள் தங்களுக்குள் எப்படித் தகவல் சொல்லிக்கொள்கின்றன என்று தெரியாமல் செய்யும் தவறுகள்தான் காசைத் தின்கின்றன.

பகலில் பாகு வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ரப்பர் மரத்துத் தேன் வரத்து முடிந்து மழை பிடித்துவிட்டால் வெளியே ஒன்றும் கிடைக்காது, சீனிப்பாகு கொடுத்துத்தான் ஆக வேண்டும், சரி. அதைக் காலை பத்து மணிக்கு முற்றத்தில் சிரட்டையில் ஊற்றி வைப்பானேன்?

தூரத்தில் இரை இருந்தால் தேனீ அடையின் மேல் எட்டுப் போட்டு ஆடும். வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்கிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு விலகிப் பறக்க வேண்டும். ஆட்டும் நேரம் கூடக்கூடத் தூரம் கூடுதல். பக்கத்திலேயே இருந்தால் வெறுமனே வட்டமடிக்கும். 'இங்கேதான், இனிப்பு, தேடு' என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த ஆட்டங்களைப் படித்துச் சொன்ன கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அவரே முதலில் வட்டம் தேனுக்கு, வாலாட்டம் மகரந்தத்துக்கு என்றுதான் நினைத்திருந்தார்.

இப்படி வட்டச் சேதி கேட்டுக் கிளம்பும் கூட்டம் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மோந்து பார்க்கும். பக்கத்துப் பெட்டியில் இருப்பதும் இனிப்புதானே? அதில் புகுந்து கொள்ளையடிக்கும். பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெட்டி வைத்திருந்த பையன் மதியம் போன் செய்து, "அண்ணே, ஒரு பெட்டியில ஈ பயங்கரமா ஏறி இறங்குது, கூட்டம் பெருகிட்டு போல" என்று சந்தோஷப்பட்டான். போய்ப் பார்த்தால் வாசற்பலகையில் கட்டிப் புரண்டு செத்த தேனீக்கள், அடிப்பலகையில் மெழுகுத் தூள், அடையில் தேன் சொட்டு இல்லை. மிச்சக் கூட்டமும் ராணியோடு ஓடிப்போனது. நம் இந்தியத் தேனீ அப்படித்தான், இத்தாலியன் தேனீ மாதிரி பொறுத்துக்கொண்டு இருக்காது.

பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்கு உள்ளே, எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள். மூழ்கிச் சாகாமல் சிரட்டையில் நாலு சுள்ளி போடுங்கள். வெளியே சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பலமில்லாத பெட்டியின் வாசலை ஒன்றிரண்டு ஈ நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள்.

தேன் வராததற்கு ராணியைத் திட்டுவது

முட்டை குறைந்தால் ராணியைப் பாருங்கள். ஆனால் எங்கே போவது என்று அவள் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. எந்த ஈயும் எல்லா இடத்தையும் பார்த்து ஒப்பிடுவதும் இல்லை. நல்ல இரை கண்டது அதிகச் சுற்று ஆடும், அதன் பின்னால் அதிகம் பேர் போவார்கள், அவ்வளவுதான். கொண்டு வந்த தேனை வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் கிடைக்கத் தாமதமானால் அது நடுங்கிக்கொண்டே அடையில் நடக்கும். அதைக் கண்டு தேன் வாங்க ஆள் கூடும். அந்த நடுக்கத்தைப் பார்த்து நோய் என்று மருந்து தேடிப் போகாதீர்கள்.

தேன் வரும் உச்சி நேரத்தில் அடை கட்டிய மரச்சட்டத்தைப் படுக்க வைப்பது

செங்குத்து போய், வானமும் தெரியாவிட்டால் ஆட்டத்துக்குத் திசை போச்சு.

பெட்டியைப் பத்தடி தள்ளி வைப்பது

வேண்டாம். பழைய இடத்துக்கே வந்து சுற்றும். கட்டாயம் என்றால் தினம் ஓரடி, இல்லையேல் ராத்திரி வாசலை அடைத்துச் சில கிலோமீட்டர் தள்ளி.